மின்துடிப்பால் செல் சவ்வைத் திறப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களும், புதுச் சிகிச்சை பற்றி எங்கோ படித்துவிட்டு விசாரிக்கும் நண்பர்களும் எலக்ட்ரோபொரேஷன் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். செய்முறைத் தாள் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கிறது. அதில் இருக்கும் எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை, அது தெரியாமல் பொத்தானை அழுத்துவதால்தான் பாதிச் சோதனைகள் வீணாகின்றன என்பது என் எண்ணம்.

எலக்ட்ரோபொரேஷன் என்றால் என்ன, சுருக்கமாக?

ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஏறக்குறைய 5 நானோமீட்டர் தடிமனில் கொழுப்பாலான ஒரு சவ்வு இருக்கிறது. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதங்கள், மின்னேற்றம் கொண்ட பல மருந்துகள் எதுவும் அதைத் தாண்டித் தானாக உள்ளே போகாது. மிகக் குறுகிய, வலுவான மின்துடிப்பு ஒன்றைக் கொடுத்தால் அந்தச் சவ்வு கொஞ்ச நேரத்துக்குக் கசியத் தொடங்கும், அந்த இடைவெளியில் நமக்கு வேண்டியதை உள்ளே அனுப்பிவிடலாம், பிறகு சவ்வு மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ளாத அளவுக்குக் கொடுத்தால் செல் செத்துப்போகும். அதையே வேண்டும் என்று செய்வதும் ஒரு சிகிச்சை, கீழே வருகிறது.

மின்சாரம் பட்டால் சவ்வில் ஏன் துளை விழுகிறது?

செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பது உப்பு கரைந்த நீர், மின்சாரம் நன்றாகப் பாயும். நடுவில் இருக்கும் சவ்வில் பாயாது. ஆகவே வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தால் மின்னேற்றங்கள் சவ்வின் இரு பக்கமும் வந்து குவிகின்றன, கொடுத்த மின்னழுத்தத்தின் கணிசமான பங்கு அந்த மெல்லிய சவ்வின் குறுக்கே வந்து நிற்கிறது. இது குவிய ஒரு மைக்ரோவினாடி அளவில்தான் நேரம் பிடிக்கும். சாதாரணமாகவே ஒரு நரம்புச் செல்லின் சவ்வின் குறுக்கே 70 மில்லிவோல்ட் போல இருக்கும், அதைச் செல் தாங்கிக்கொள்கிறது. அது 200 மில்லிவோல்ட்டிலிருந்து 1 வோல்ட் வரைக்குள் எங்கோ போகும்போது (செல்லையும் துடிப்பின் நீளத்தையும் பொறுத்து எல்லை மாறும்) சவ்வு தாங்காது.

1 வோல்ட் என்றால் அற்பமாகத் தெரியும். அதை 5 நானோமீட்டரால் வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு 20 கோடி வோல்ட் வருகிறது. காற்றில் தீப்பொறி பறக்க மீட்டருக்கு ஏறக்குறைய 30 லட்சம் வோல்ட் போதும். அப்படிப்பட்ட புலத்தில் நீர் மூலக்கூறுகள் கொழுப்பு அடுக்குக்குள் விரல்போல நீண்டு நுழைகின்றன, அவற்றைச் சுற்றிக் கொழுப்பு மூலக்கூறுகளின் தலைப்பகுதிகள் திரும்பி நின்று துளைக்கு வாய் அமைக்கின்றன. கணினி உருவகப்படுத்தலில் இது சில நானோவினாடிகளில் நடப்பதைக் காண முடிகிறது. உயிருள்ள செல்லில் துளை மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது, கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதும், சவ்வுப் புரதங்கள் சேதமாவதும் கூடவே நடக்கின்றன. துடிப்பு நின்று மிக நீண்ட நேரம் கழித்தும், சில நிமிடங்கள் வரைகூட, சவ்வு கசிந்துகொண்டே இருப்பதற்கு வெறும் துளைக் கதை போதாது.

பாக்டீரியாவுக்கு 1800 வோல்ட், மனிதச் செல்லுக்குச் சில நூறு வோல்ட்தான். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

அளவு. இதற்கு ஷ்வான் சமன்பாடு என்று ஒன்று இருக்கிறது: சவ்வின் குறுக்கே தூண்டப்படும் மின்னழுத்தம் = 1.5 × மின்புலம் × செல்லின் ஆரம் × கோசைன் தீட்டா. தீட்டா என்பது புலத்தின் திசைக்கும் சவ்வின் அந்தப் புள்ளிக்கும் இடையே உள்ள கோணம். உருண்டையான, தனியாக மிதக்கும் செல்லுக்குத்தான் இது சரியாகப் பொருந்தும், ஆனாலும் பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டிய முதல் கணக்கு இதுதான்.

10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள பாலூட்டிச் செல், சென்டிமீட்டருக்கு 1000 வோல்ட் புலம்: 1.5 வோல்ட் வருகிறது, தாராளம். அதே புலத்தை அரை மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குக் கொடுத்தால் 75 மில்லிவோல்ட், ஒன்றும் ஆகாது. சென்டிமீட்டருக்கு 18,000 வோல்ட் கொடுத்தால்தான் 1.35 வோல்ட் வரும், 1 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள குவெட்டில் (இரு பக்கமும் மின்முனைத் தகடு வைத்த சின்னக் குப்பி) 1800 வோல்ட் வைப்பது அதற்குத்தான். எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? லிம்ஃபோசைட் (ஒரு வகை வெள்ளணு) போன்ற சின்னச் செல்லுக்குப் பெரிய புற்றுச் செல்லைவிடக் கூடுதல் புலம் தேவைப்படுவதும் இதே காரணம்தான்.

கோசைனையும் கவனியுங்கள். செல் முழுவதும் ஒரே சமயத்தில் திறப்பதில்லை, மின்முனைகளை நேராகப் பார்க்கும் இரண்டு முனைகளில்தான் திறக்கிறது. அதிலும் நேர்மின்முனையைப் பார்க்கும் பக்கம், செல்லின் இயல்பான மின்னழுத்தமும் சேர்ந்துகொள்வதால், முதலில் எல்லையைத் தாண்டும்.

என் சீனியர் குறிப்பேட்டில் "250 வோல்ட்" என்று மட்டும் இருக்கிறது. அதே வைத்தேன், வேலை செய்யவில்லை. ஏன்?

வோல்ட் மட்டும் சொன்னால் அதில் பாதித் தகவல்கூட இல்லை. 2 மில்லிமீட்டர் குவெட்டில் 250 வோல்ட் என்றால் சென்டிமீட்டருக்கு 1250 வோல்ட். 4 மில்லிமீட்டர் குவெட்டில் அதே 250 வோல்ட் சென்டிமீட்டருக்கு 625 வோல்ட்தான். செல்லுக்குத் தெரிவது சென்டிமீட்டருக்கு எத்தனை வோல்ட் என்பது மட்டுமே. துடிப்பின் வடிவம், நீளம், எத்தனை துடிப்பு, எவ்வளவு இடைவெளியில், எந்த பஃபர் (செல்கள் மிதக்கும் கரைசல்), எத்தனை மைக்ரோலிட்டர், என்ன வெப்பநிலை, எத்தனை செல், எவ்வளவு டி.என்.ஏ. இவையெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நிபந்தனை. சீனியர் இன்னும் தொடர்பில் இருந்தால் குவெட்டின் மூடி என்ன நிறம் என்றாவது கேட்டுப் பாருங்கள், பல நிறுவனங்கள் இடைவெளியை மூடியின் நிறத்தால்தான் குறிக்கின்றன (நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்).

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

ஒருவரைச் சொல்ல முடியாது. 1958ல் ஸ்டாம்ஃப்ளி தவளை நரம்பில் சவ்வு மின்சாரத்தால் உடைந்து மறுபடியும் சரியாவதைப் பதிவு செய்தார். 1967ல் சேலும் ஹாமில்டனும் மின்புலத்தால் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சாவது வெப்பத்தால் அல்ல, சவ்வு கெடுவதால்தான் என்று காட்டினார்கள். 1972ல் எபர்ஹார்ட் நாய்மனும் ரோசன்ஹெக்கும், அட்ரீனல் சுரப்பிச் செல்களிலிருந்து எடுத்த நுண்பைகள் துடிப்பு கொடுத்ததும் உள்ளிருப்பதைக் கசியவிட்டுப் பின் மூடிக்கொள்வதைக் கண்டார்கள். கடைசியாக 1982ல் நாய்மன் குழு எலிச் செல்லுக்குள் தைமிடின் கைனேஸ் மரபணுவைத் துடிப்பு மூலம் செலுத்தி, அது உள்ளே வேலை செய்வதையும் காட்டியது. மரபணு ஆய்வகங்கள் இதைக் கையில் எடுத்தது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். 1988ல் டவர் குழு ஈ. கோலைக்கான முறையைச் சீராக்கி, ஒரு மைக்ரோகிராம் டி.என்.ஏ.வுக்கு 100 கோடிக்கும் மேல் காலனிகள் (டி.என்.ஏ. ஏறிய ஒரு பாக்டீரியா தட்டில் பெருகி உண்டாக்கும் திட்டு) எடுத்துக் காட்டினார்கள். பெரிய டி.என்.ஏ. நூலகம் (வெவ்வேறு டி.என்.ஏ. துண்டுகளின் பெருந்தொகுப்பு) கட்டுகிறவர்கள் இன்றும் அதன் வழித்தோன்றலைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எக்ஸ்பொனென்ஷியல், ஸ்கொயர் வேவ் என்று துடிப்பில் இரண்டு வடிவம் இருக்கிறதே, எது நல்லது?

எக்ஸ்பொனென்ஷியல் இயந்திரத்துக்குள் ஒரு கப்பாசிட்டரை (மின்தேக்கி) நிரப்பி அதை அப்படியே மாதிரி வழியாக வடியவிடுகிறார்கள். மேல்நிலைத் தொட்டியின் குழாயைத் திறந்தால் முதலில் வேகமாகக் கொட்டி, மட்டம் இறங்க இறங்க மெலிந்துபோகுமே, அப்படித்தான் மின்னழுத்தமும் குறையும். தொடக்க மட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் திரையில் வரும் டைம் கான்ஸ்டன்ட். மின்தடையையும் மின்தேக்குத் திறனையும் பெருக்கினால் அது கிடைக்கும்: 200 ஓம் × 25 மைக்ரோஃபாரட் = 5 மில்லிவினாடி. ஈ. கோலைக்கு 4.5லிருந்து 5 வரை வந்தால் திருப்தி. 3க்குக் கீழே விழுந்தால் உங்கள் செல்லில் உப்பு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி கழுவுங்கள்.

ஸ்கொயர் வேவில் மின்னழுத்தம் ஒரே மட்டத்தில் இருந்துவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். நீளத்தையும் எண்ணிக்கையையும் தனித்தனியாக மாற்ற முடிவதால் பாலூட்டிச் செல்லுக்கும் திசுவுக்கும் இதைத்தான் விரும்புவேன். பாக்டீரியாவுக்கு எக்ஸ்பொனென்ஷியலே போதும்.

'டப்' என்று சத்தம் வந்தது, எல்லாம் போச்சா?

அது ஆர்க். பெரும்பாலும் போச்சு. குவெட்டுக்குள் மின்சாரம் தீப்பொறியாகப் பாய்ந்துவிட்டது, செல்கள் வெந்திருக்கும். காரணம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றேதான்: உப்பு அதிகம். லைகேஷன் கலவையை (டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டவைத்த, உப்பு நிறைந்த கலவை) அப்படியே 5 மைக்ரோலிட்டர் ஊற்றிவிட்டு ஆர்க் ஆகிறது என்று வருவார்கள். அதை எத்தனாலில் வீழ்படிவாக்கியோ, சுத்திகரிப்புக் குழல் (column) வழியாகவோ சுத்தம் செய்து தண்ணீரில் கரையுங்கள், அல்லது 1 மைக்ரோலிட்டருக்கு மேல் போடாதீர்கள். செல்லை ஐஸ் குளிர்ந்த 10 சதவீத கிளிசராலில் கழுவும்போது வளர்ப்பு ஊடகத்தின் கடைசிச் சொட்டு வரை வடித்தெடுங்கள், அவசரப்பட்டால் இங்கேதான் மாட்டும்.

மீதிக் காரணங்கள் சின்னவை. உள்ளே காற்றுக்குமிழி, குவெட்டின் வெளியே ஐஸ் நீர் ஒட்டியிருப்பது (சென்னை, நாகப்பட்டினம் மாதிரி ஈரக்காற்று ஊர்களில் ஐஸிலிருந்து எடுத்த நொடியிலேயே வியர்த்துவிடும், டிஷ்யூவால் துடைத்துவிட்டு உடனே வையுங்கள்), திரவம் அடிவரை இறங்காமல் சுவரில் தொங்குவது, செல் அடர்த்தி மிக அதிகமாக இருப்பது.

ஐஸில் வைத்துத்தான் செய்ய வேண்டுமா?

ஈ. கோலைக்கு ஆம், கழுவும்போதும் துடிப்பின்போதும் எல்லாமே குளிர்ச்சியாக இருக்க வேண்டும், குவெட் உட்பட. பாலூட்டிச் செல்லுக்கு அப்படிப் பொதுவிதி கிடையாது. குளிரில் சவ்வு மூட அதிக நேரம் எடுக்கும், நுழைய அவகாசம் கிடைக்கும், ஆனால் உள்ளே இருப்பதும் அதே அவகாசத்தில் வெளியே கசியும். இன்று வரும் பல கருவிகளின் செய்முறைகள் அறை வெப்பநிலையையே சொல்கின்றன.

வெப்பம் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். பி.பி.எஸ். போன்ற உப்பு பஃபரில், சென்டிமீட்டருக்கு 1000 வோல்ட்டில், 1 மில்லிவினாடி ஸ்கொயர் துடிப்பு கொடுத்தால் திரவம் ஏறக்குறைய 3.5 டிகிரி சூடாகும். பரவாயில்லை. அதையே 10 மில்லிவினாடி நீட்டினால் 35 டிகிரி வருகிறது, 25 டிகிரியில் தொடங்கியவர் 60ல் நிற்பார், அப்புறம் செல் செத்தது மின்சாரத்தாலா சூட்டாலா என்றே சொல்ல முடியாது. நீண்ட துடிப்பு வேண்டுமென்றால் புலத்தைக் குறையுங்கள், அல்லது சர்க்கரை கலந்த, உப்புக் குறைந்த பஃபருக்கு மாறுங்கள்.

துடிப்பு கொடுத்த பிறகு எவ்வளவு சீக்கிரம் ஊடகம் சேர்க்க வேண்டும்?

பாக்டீரியாவுக்கு உடனே. உடனே என்றால் எஸ்.ஓ.சி. என்ற சத்து ஊடகத்தைப் பிப்பெட்டில் எடுத்து வைத்துக்கொண்டுதான் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலே காலனி எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று கருவியோடு வரும் செய்முறையிலேயே எச்சரித்திருப்பார்கள், அது மிகையல்ல. பிறகு 37 டிகிரியில் 1 மணி நேரம் குலுக்கிவிட்டுத் தட்டில் பரப்புங்கள்.

பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.) அந்தத் துளை வழியாக நேராக உள்ளே போய்விடுகிறதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பாடநூல் படமும் அப்படித்தான் இருக்கும். சின்ன மூலக்கூறுகளுக்கு அது சரி: சாயமோ ப்ளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தோ சவ்வு கசியும் வரை தானாகப் பரவி உள்ளே போகும். பல ஆயிரம் கார இணைகள் கொண்ட பிளாஸ்மிட்டுக்கு அது பொருந்தாது.

பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் கோல்சியோ, தெய்ஸியே, ரோல்ஸ் ஆகியோர் ஒளிரும் சாயம் ஏற்றிய டி.என்.ஏ.வை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்து 2002ல் வெளியிட்டார்கள். டி.என்.ஏ. எதிர்மின்னேற்றம் கொண்டது, நேர்மின்முனையை நோக்கி ஓடும், ஆகவே செல்லின் எதிர்மின்முனையைப் பார்க்கும் பக்கத்தில் வந்து மோதி அங்கே திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்கிறது. துடிப்பு நின்ற பிறகுதான், நிமிடக் கணக்கில், செல் அதை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகும் சைட்டோபிளாசத்தைக் கடந்து உட்கருவுக்குள் போக வேண்டும்.

இதிலிருந்து நடைமுறையில் இரண்டு முடிவுகள். ஒன்று, டி.என்.ஏ.வைத் துடிப்புக்கு முன்பே கலந்திருக்க வேண்டும், பிறகு சேர்த்தால் பயனே இல்லை. இரண்டு, சவ்வைத் திறப்பதும் டி.என்.ஏ.வைத் தள்ளுவதும் வேறு வேறு வேலைகள். அதனால்தான் திசுக்களில் ஒரு குறுகிய வலுவான துடிப்பு, அதைத் தொடர்ந்து நீண்ட மென்மையான துடிப்புகள் என்று ஜோடியாகக் கொடுக்கும் முறை வந்தது. முதலாவது கதவைத் திறக்கிறது, அடுத்தவை மின்புலத்தால் டி.என்.ஏ.வைச் சவ்வு வரை ஓட்டுகின்றன.

பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவைச் செலுத்தினேன், 80 சதவீதம் செல்கள் ஒளிர்கின்றன, ஆனால் தட்டில் செல்லே குறைவு. இது வெற்றியா?

எத்தனை செல்லில் தொடங்கினீர்கள் என்று கேட்பேன். உயிர் பிழைத்தது 30 சதவீதம், அதில் 80 சதவீதம் ஒளிர்கிறது என்றால் தொடங்கியதில் 24 சதவீதம்தான் உங்களுக்குக் கிடைத்தது. 60 சதவீதம் ஒளிர்ந்து 70 சதவீதம் பிழைத்திருந்தால் 42. இரண்டாவதுதான் நல்ல நிபந்தனை. செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செத்த செல்லைக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டு மீதியில் சதவீதம் பார்ப்பதால் முதலாவது அழகாகத் தெரிகிறது. இந்தப் பழக்கத்தை மனதார எதிர்க்கிறேன், நோயாளியிடமிருந்து எடுத்த செல்லைக் கையாளும்போது இது பெரிய விஷயம், அங்கே மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற வசதி இல்லை.

செல்கள் ஏன் இவ்வளவு சாகின்றன?

துளை வழியே செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யும் பொட்டாசியமும் வெளியேறுகின்றன, சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. சவ்வை மூடவும் அயனிகளைத் திரும்பத் தள்ளவும் செல்லுக்கு ஆற்றல் வேண்டும், ஏற்கெனவே சோர்ந்த செல்லால் அது முடியாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தை அல்ல, குடுவையை: செல்கள் நன்றாகப் பெருகும் கட்டத்தில் இருக்கின்றனவா, நேற்று இடம் நெருக்கி வளர்ந்தவையா, தட்டிலிருந்து செல்லைப் பிரிக்கும் ட்ரிப்சின் நொதியில் அதிக நேரம் கிடந்தவையா. அலுமினிய மின்முனையிலிருந்து அலுமினிய அயனிகள் கரைவதும், மின்முனை ஓரத்தில் அமில காரத்தன்மை மாறுவதும் கொஞ்சம் பங்களிக்கின்றன.

இன்னொன்று, டி.என்.ஏ.வே நஞ்சாகலாம். சைட்டோபிளாசத்தில் இரட்டை இழை டி.என்.ஏ. தென்பட்டால் நோய் எதிர்ப்பு டி செல் போன்ற, உடம்பிலிருந்து நேராக எடுத்த முதன்மைச் செல்கள் அதை வைரஸ் தாக்குதலாக எடுத்துக்கொண்டு எச்சரிக்கை மணி அடித்துச் செத்துப்போகும். பிளாஸ்மிட் இல்லாமல் துடிப்பு மட்டும், துடிப்பு இல்லாமல் பிளாஸ்மிட் மட்டும், இந்த இரண்டு கட்டுப்பாட்டுச் சோதனைகளையும் வைத்தால் குற்றவாளி யார் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். டி.என்.ஏ.தான் என்றால் எம்.ஆர்.என்.ஏ.வுக்கோ புரதத்துக்கோ மாறுங்கள்.

ப்ராப்பிடியம் அயோடைடு என்ற சாயம் செத்த செல்லைத்தானே காட்டும்? துளை விழுந்ததையும் காட்டுகிறது என்கிறார்களே?

இரண்டையும் காட்டும், எப்போது சேர்க்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. அது சவ்வு கசிந்தால் மட்டுமே உள்ளே போய் டி.என்.ஏ.வோடு ஒட்டிச் சிவப்பாக ஒளிரும். துடிப்பின்போதே கரைசலில் இருந்தால், தற்காலிகமாகத் திறந்தவையும் சாகப்போகிறவையும் எல்லாமே சிவக்கும். அரை மணி நேரம் மூட விட்டுவிட்டுப் பிறகு சேர்த்தால் மூட முடியாமல் போனவை மட்டும் சிவக்கும். இரண்டு குழாயாகப் பிரித்துச் செய்து வித்தியாசம் பாருங்கள், அந்த வித்தியாசம்தான் திறந்து மறுபடி மூடிய செல்கள். சில மணி நேரம் கழித்துத் தற்கொலைப் பாதையில் சாகும் செல்கள் இதில் சிக்காது, அடுத்த நாளும் ஒரு முறை எண்ணுங்கள்.

டி.என்.ஏ.வைக் கொழுப்புத் துளிகளில் பொதிந்து அனுப்பும் லிப்போஃபெக்ஷன், வைரஸ் எல்லாம் இருக்க இது எதற்கு?

ஹெக் 293 மாதிரி ஆய்வகத்தில் எளிதாக வளரும் செல்லுக்கு லிப்பிட் (கொழுப்பு) போதும், தேவையில்லாமல் மின்சாரத்தில் போட்டு வதைக்காதீர்கள். டி செல், ரத்த மூலச்செல் போன்றவை லிப்பிட்டுக்கு மசிவதில்லை. வைரஸ் நன்றாகச் செலுத்தும், ஆனால் தயாரிக்கச் செலவும் காலமும் அதிகம், சுமக்கக்கூடிய மரபணுவின் நீளத்துக்கு வரம்பு உண்டு, சில வைரஸ்கள் மரபணுவைக் குரோமோசோமில் நிரந்தரமாகச் செருகிவிடும்.

மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் சிகிச்சையில் இதற்கு என்ன பங்கு?

பெரிய பங்கு, செய்திகளில்தான் அது வருவதில்லை. அரிவாள் செல் ரத்தசோகைக்கான காஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி தந்தன, கிரிஸ்பர் அடிப்படையில் அனுமதி பெற்ற முதல் சிகிச்சை அது. நோயாளியின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்9 புரதத்தையும் அதற்கு இடம் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து எலக்ட்ரோபொரேஷன் மூலம்தான் உள்ளே செலுத்துகிறார்கள். அது பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவை ரத்தச் செல்களில் இயக்கும் பகுதியை வெட்டுகிறது, கருவில் இருக்கும்போது இருந்த வகை ஹீமோகுளோபின் மறுபடி உற்பத்தியாகத் தொடங்குகிறது. ஏன் வைரஸில் வைக்காமல் புரதமாகவே அனுப்புகிறார்கள்? வேலையை முடித்துவிட்டு ஓரிரு நாளில் அது சிதைந்துபோக வேண்டும், நிரந்தரமாக இருந்தால் தேவையில்லாத இடத்திலும் வெட்டும்.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அரிவாள் செல் பண்பு இந்தியாவில் இருப்பதை லேமனும் கட்புஷும் 1952ல் பதிவு செய்தது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். 2047க்குள் இந்நோயை ஒழிக்கும் இலக்கோடு மத்திய அரசு 2023ல் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. காஸ்ஜெவியின் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர், தவிர நோயாளிக்குக் கடுமையான கீமோதெரபி கொடுத்து எலும்பு மஜ்ஜையை முதலில் காலி செய்ய வேண்டும். கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கும் ஒரு குழந்தைக்கு இது எப்போது எட்டும் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. செல்லை வெளியே எடுக்காமல் உடம்புக்குள்ளேயே திருத்தும் முறைகள் வந்தால்தான் விலை இறங்க வழி உண்டு, அவை வந்தால் அங்கே மின்துடிப்புக்கு இந்த இடம் இருக்காது, அது நல்லதுதான்.

புற்றுநோய்க்கு ஷாக் கொடுக்கிறார்கள் என்று படித்தேன், உண்மையா?

எலக்ட்ரோகீமோதெரபியைச் சொல்கிறீர்கள். ப்ளியோமைசின் என்ற மருந்து செல்லுக்குள் போனால் டி.என்.ஏ.வை வெட்டித்தள்ளும், ஆனால் சவ்வைத் தாண்ட அதனால் முடியாது. கட்டியில் மட்டும் துடிப்பு கொடுத்தால் அங்கே மட்டும் நுழைகிறது, அதன் நஞ்சு பல நூறு மடங்கு கூடுகிறது. பாரிஸ் அருகே வில்ஜுய்ஃபில் உள்ள குஸ்தாவ் ரூஸி புற்றுநோய் மையத்தில் லூயி மிர் குழு இதை 1990களின் தொடக்கத்தில் நோயாளிகளிடம் கொண்டுவந்தது. 2006ல் எசோப் என்ற ஐரோப்பியக் கூட்டு ஆய்வு வழிமுறையைத் தரப்படுத்தியது: 100 மைக்ரோவினாடி நீளத்தில் 8 துடிப்புகள், சென்டிமீட்டருக்கு 1000 முதல் 1300 வோல்ட். சிகிச்சை பெற்ற தோல் கட்டிகளில் 85 சதவீதம் சுருங்கின, ஏறக்குறைய 74 சதவீதம் முழுதாக மறைந்தன.

இது தோலிலும் தோலடியிலும் இருக்கும் கட்டிகளுக்கான உள்ளூர்ச் சிகிச்சை என்பதை மறக்க வேண்டாம். உடம்பெங்கும் பரவிய நோயை இது மட்டும் குணமாக்காது. புண்ணாகி ரத்தம் கசியும் மார்பகப் புற்றுக் கட்டிகளால் அவதிப்படுகிறவர்களுக்கு அந்த நிவாரணமே பெரிது. டென்மார்க்கில் யூலி கெல் குழு மருந்துக்குப் பதில் கால்சியத்தையே செலுத்திப் பார்க்கிறது. அது விலை மலிவு, சேமிக்க எளிது, இந்தப் பக்கம் ஆய்வு வளர்ந்தால் நம் மருத்துவமனைகளுக்கு அதிகம் பயன்படும்.

வலிக்குமா?

தசை துள்ளும், வலியும் உண்டு, மரத்துப்போகும் ஊசியோ மயக்க மருந்தோ கொடுத்துத்தான் செய்வார்கள். 8 துடிப்பையும் வினாடிக்கு 5000 என்ற வேகத்தில் கொடுத்தால் எல்லாம் 2 மில்லிவினாடிக்குள் முடிந்து ஒரே துள்ளலாக உணரப்படும்.

மருந்தே இல்லாமல் துடிப்பால் மட்டும் கட்டியைக் கொல்ல முடியுமா?

முடியும். 2005ல் டவலோஸ், மிர், ரூபின்ஸ்கி மூவரும் இதை முன்வைத்தார்கள். துடிப்பை 70, 90 என்று கூட்டி, புலத்தை சென்டிமீட்டருக்கு 1500 வோல்ட் அளவுக்கு உயர்த்தினால் செல்கள் மூட முடியாமல் சாகின்றன. சூட்டால் கருக்குவதில்லை என்பதால் ரத்தக்குழாயின் சட்டகமும் நாளங்களும் பெரும்பாலும் தப்பிக்கின்றன, கணையம், கல்லீரல் போன்ற சிக்கலான இடங்களில் அதுதான் ஈர்ப்பு. முழு மயக்கம், தசைத் தளர்வு மருந்து, இதயத் துடிப்போடு ஒத்திசைத்துக் கொடுப்பது எல்லாம் கட்டாயம்.

இதே கருத்து இதயத்துக்கும் போயிருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக் கோளாறுக்கு, தவறான மின்சமிக்ஞை வரும் திசுவைச் சூட்டாலோ குளிராலோ அழிப்பது வழக்கம், பின்னால் ஒட்டியிருக்கும் உணவுக்குழாய் பாதிக்கப்படும் அபாயம் எப்போதும் உண்டு. இதயத் தசைச் செல்கள் உணவுக்குழாயையும் நரம்பையும்விடக் குறைந்த புலத்திலேயே சாகும் என்பதால் துடிப்பு முறையில் அந்த அபாயம் குறைகிறது. மெட்ரானிக்கின் கருவிக்கு 2023 டிசம்பரிலும், பாஸ்டன் சயின்டிஃபிக்கின் கருவிக்கு 2024 ஜனவரியிலும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இந்த மொத்தத் துறையிலும் மிக வேகமாக மருத்துவமனைக்குள் நுழைந்த பயன்பாடு இதுதான்.

கொரோனா டி.என்.ஏ. தடுப்பூசி போட்டார்களே, அதுவும் இதானா?

இல்லை. 2021ல் இந்தியாவில் அனுமதி பெற்ற ஜைகோவ்-டி, ஊசியில்லாமல் அழுத்தத்தால் பீய்ச்சும் கருவியில் போடப்பட்டது. அமெரிக்காவின் இனோவியோ நிறுவனம்தான் தன் டி.என்.ஏ. தடுப்பூசிக்கு மின்துடிப்புக் கருவியைப் பயன்படுத்திச் சோதித்தது.

குவெட்டைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா?

விலை காரணமாகப் பலரும் செய்கிறார்கள், புரிகிறது. பழகிய பிளாஸ்மிட்டை ஈ. கோலையில் ஏற்றுவதற்கு, நன்றாகக் கழுவி, எத்தனாலில் ஊறவைத்து, முழுதாக உலர்த்தி, சில முறை பயன்படுத்தலாம். நூலகம் கட்டும்போதும் அளவீடு செய்யும்போதும் கூடாது: முந்தைய டி.என்.ஏ. ஒட்டியிருக்கும், அலுமினியப் பரப்பு அரித்துப்போயிருக்கும், டைம் கான்ஸ்டன்ட் தாறுமாறாக வரும். பாலூட்டிச் செல்லுக்குப் புதியதுதான்.

இயந்திரம் வாங்கப் பணமில்லை, நாமே கட்டிக்கொள்ளலாமா?

மின்னணுவியல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டவே வேண்டாம். 25 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரை 2500 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் 78 ஜூல் இருக்கும். கை வழியாக நெஞ்சுக்குள் பாய்ந்தால் உயிரைப் பறிக்கப் போதும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே காத்திருக்கும். வாங்கிய இயந்திரத்தில் குவெட் அறை மூடாமல் துடிப்பு வராதபடி பூட்டு வைத்திருப்பது அதற்காகத்தான், அதைச் செயலிழக்கச் செய்து பயன்படுத்தும் ஆய்வகத்தைப் பார்த்தால் உடனே புகார் சொல்லுங்கள்.

பாக்டீரியாவுக்கு மட்டும் என்றால் வேறொரு வழி இருக்கிறது. ஜார்ஜியா டெக்கில் சாத் பாம்லா குழு, லாம்பர்ட் உயர்நிலைப்பள்ளி மாணவர்களோடு சேர்ந்து, 2020ல் எலக்ட்ரோபென் என்ற கருவியை வெளியிட்டது. சுவிட்ச் அழுத்தினால் பொறி வரும் சாதாரண லைட்டருக்குள் இருக்கும் பீசோ படிகத்தை எடுத்து, முப்பரிமாண அச்சில் செய்த உறைக்குள் வைத்திருக்கிறார்கள். மின் இணைப்பே வேண்டாம், ஒரு அழுத்தில் 2000 வோல்ட்டுக்கு மேல், ஏறக்குறைய 5 மில்லிவினாடி வரும், செலவு 23 அமெரிக்க சென்ட். லைட்டரில் தேங்கும் ஆற்றல் மிகக் குறைவு என்பதால் மேலே சொன்ன ஆபத்தும் இல்லை. வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. காலனி எண்ணிக்கை பெரிய இயந்திரத்துக்கு ஈடாகாது, ஆனால் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒளிரும் புரத மரபணுவை ஈ. கோலைக்குள் ஏற்றி மாணவர்களுக்குக் காட்ட அதுவே தாராளம், கிளிசராலில் கழுவுவதும் உடனே எஸ்.ஓ.சி. சேர்ப்பதும் மட்டும் அங்கேயும் அப்படியே செய்ய வேண்டும்.